எட்டுப் படிவங்களில் ‘இல்லை’

2024 ஜூலை 9, செவ்வாய். இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். ஸ்கானுக்கு வந்த முனாப் நானாவுக்கு அரைக் கோப்பை பிளேன்டீ கொடுத்துவிட்டேன். படிவத்தில் ‘இன்று தேநீர், கோப்பி அருந்தினாரா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டேன்.

எழுதியதைச் சனூஸா இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினாள். ஓர்ஸ் ஹில்லில் புள்ளிவிபர மாலை வகுப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் நாட்குறிப்பு எழுதத் தவறியதில்லை. ஆனால் இப்படி ஒன்றை எழுத வேண்டிவந்தது இதுதான் முதல் தடவை.

பகலில் அவளுக்கு லிங்கநகரில் டொக்டர் பிரகலாதனின் அக்குபங்சர் நிலையத்தில் வேலை. முழங்கால் நோவுக்கு ஊசி குத்தும்போது மூளையில் என்ன மாறுகிறது என்று டொக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். எட்டுப் பேரை வான் வண்டியில் கண்டிக்கு ஏற்றிப்போய், ஊசிக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய மூளையைப் படம் எடுத்தார்கள். அன்று காலை தேநீர் கூடாது என்பது கண்டிப்பான விதி. தேநீர் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்தை மாற்றிவிடும். பிறகு படத்தில் தெரிவது ஊசியின் வேலையா தேநீரின் வேலையா என்று சொல்ல முடியாது. அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே சனூஸாதான்.

ஆனால் முனாப் நானா குச்சவெளியிலிருந்து முதல் பஸ் பிடித்து, நொண்டி நொண்டி வந்து கதிரையில் உட்கார்ந்ததும் அவளுடைய கை தன்பாட்டில் கேத்தலுக்குப் போய்விட்டது. வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்பிப் பழகாத வீட்டில் வளர்ந்தவள். பாதி இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

“ஐயோ நானா, வைங்க! குடிக்க ஏலா!”

“உள்ளுக்குப் போனதுக்கு என்ன செய்யிற புள்ள? தலைகீழா நிக்கவா?” என்று அவர் சிரித்தார்.

வியாழன் காலை டொக்டர் கூப்பிட்டார். “சனூஸா, முனாபின்ர படத்தை வந்து பாரும். வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரியுது. திங்கட்கிழமை ஆராய்ச்சிக் கூட்டத்தில முதல் படம் இதுதான்.”

தேநீர் குடித்த நேரத்தையாவது சரியாகக் குறித்துவைப்போம் என்று வெளியே வந்து முனாப் நானாவுக்குப் போன் எடுத்தாள்.

“ஆறு மணி இருக்கும் புள்ள. பிறகு போற வழியில ஹபரணையில ஒண்டு.”

“ஹபரணையிலயா?”

“ட்ரைவர் வானை நிப்பாட்டினான். நீங்க முன் சீட்டில நல்ல நித்திரை. எட்டுப் பேரும் குடிச்சம். அதில பஹ்மிதான் கொஞ்சம் யோசிச்சான். காலையில எனக்கு சனூஸா புள்ளயே ஊத்தித் தந்தது, குடிடா எண்டு நான்தான் சொன்னனான்.”

எட்டுப் பேர். எட்டுப் படிவத்திலும் அவளுடைய கையெழுத்தில் ‘இல்லை’. முதலாவதில் பொய் எழுதிய பிறகு மற்றவர்களிடம் கேட்க அவளுக்கு முகம் வரவில்லை. கேட்காமலே நிரப்பியிருந்தாள்.

“ஏன் புள்ள, பிரச்சினையா? திரும்ப அந்த மெஷினுக்குள்ள படுக்கச் சொல்லமாட்டீங்கதானே? கபுறுக்குள்ள, மண்ணுக்குக் கீழ கிடந்த மாதிரி. ஓதி ஓதித்தான் உசிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்.”

“பிறகு எடுக்கிறன் நானா” என்று வைத்துவிட்டாள்.

அந்த மனிதர் அவ்வளவு பயத்தோடு கிடந்து கொடுத்த படம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவரும் இன்னொரு தரம் அதற்குள் போகத் தேவையில்லை. அவருக்காகத்தான் மறைக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதுவும் பொய் என்று உடனே தெரிந்தது. டொக்டரின் அறைக்குள் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “எட்டுப் பேருமா?”

“ஓம் டொக்டர்.”

“ஒருத்தரிட்டயும் கேட்காமலா எழுதினனீர்?”

“ஓம்.”

ஏசினால் நல்லது போலிருந்தது. அவர் ஏசவில்லை, திரையிலிருந்த படத்தை மூடினார்.

“திங்கட்கிழமை காட்ட இனி என்னட்ட ஒண்டுமில்லை” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “திரும்ப எடுக்கிறதெண்டால் அவைக்கு விருப்பம் இருக்கோணும். போனில கேட்கக்கூடாது. நேர போய், ஆர் விட்ட பிழை எண்டு சொல்லிப்போட்டுக் கேளும். ஏலாது எண்டால் வற்புறுத்தாதையும்.”

“என்னை வேலையால நிப்பாட்டுவீங்களா?”

“முதல்ல இதைச் செய்யும்.”

2024 ஜூலை 11, வியாழன். எட்டுப் படிவங்களிலும் ‘இல்லை’யை ஒற்றைக் கோட்டால் வெட்டி, ‘ஆம்’ என்று எழுதி, திகதியும் கையெழுத்தும் போட்டேன். நாளை காலை ஏழு மணி பஸ்ஸில் குச்சவெளி. முனாப் நானாவை ஜும்ஆவுக்கு முன் சந்திக்க வேண்டும். படம் வீணானது என்னால் என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் திரும்பப் படுப்பீர்களா என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலை அவர் முன்னாலேயே எழுத வேண்டும்.