இலையில் ஓடும் பியட்

குளத்தூர் ஞானையனின் பியட் கார் ஒரு முழு வாழையிலையில் பதினொரு கிலோமீட்டர் ஓடும். பலா இலை என்றால் கை நிறையப் போட்டாலும் முக்கால் கிலோமீட்டர் தாண்டாது. ரப்பர் இலையில் ஓடவே ஓடாது, நின்று இருமும். தொண்ணூற்றாறு ஜூலையிலிருந்து நிலவரம் இதுதான். அதற்கு முன் மூன்று வாரம் அது பாட்டரியில் ஓடியது, அதற்கும் முன் இருபத்தாறு வருடம் ஊரில் உள்ள மற்ற கார்களைப் போலப் பெட்ரோலில் ஓடியது.

ஞானையன் பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். கை பேசும், வாய் பேசாது. அவர் மனைவி லீலாபாய்க்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பெட்ரோல், டீசல் வாடை ஆகாமல் போயிற்று. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கிழிப்பதற்குள் மயங்கிச் சரிவார். நாலு வருடத்தைப் பாறசாலை தாண்டாமலே ஓட்டிவிட்டார். அப்போதுதான் காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்த மகள் லிஜா உண்டானாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. டாக்டரோ கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் வர முடியாது, தாய் போக முடியாது, நடுவில் கிடப்பது இருபது கிலோமீட்டர். நடந்தே போகிறேன் என்று கிளம்பிய லீலாபாயை உதியன்குளங்கரையில் ஒரு லாரிப் புகை சாய்த்துவிட்டது. நாலு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

அன்று சாயங்காலமே ஞானையன் பியட்டின் பானெட்டைத் திறந்தார். இஞ்சினைக் கழற்றிக் கொல்லையில் வாழைமூட்டடியில் வைத்தார். பெட்ரோல் டேங்கைச் சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டு ஒன்பது தடவை கழுவினார். நல்ல தகரம் என்பதால் அதைக் கழற்றி எறிய மனசு வரவில்லை, புகைக்குழாயையும் அப்படியே விட்டுவைத்தார். மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு டிசி மோட்டாரும் எட்டு லாரி பாட்டரியும் கிடைத்தன. மோட்டாரின் தண்டும் கியர்பாக்ஸின் தண்டும் நூல் பிடித்ததுபோலச் சேர வேண்டும், மயிரிழை விலகினாலும் வண்டி நடுங்கும். இரண்டையும் பூட்டுகிற இரும்புத் தட்டை லேத் ராபின்சன் ஏழு தடவை கடைந்தார். ஏழாவது தட்டைக் கொடுத்த பிறகு ஒரு வாரம் ஞானையனோடு பேசவில்லை.

வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்சீட்டில் மயங்காமல் உட்கார்ந்து லீலாபாய் நெய்யாற்றின்கரை வரை போனார். அங்கே பாட்டரி தீர்ந்தது. இன்னும் பாதி வழி இருந்தது. மேலும் பாட்டரி ஏற்றினால் ஸ்பிரிங் தாங்காது. எருமை கட்டி இழுத்து வந்த காருக்குள் அவர் வழி நெடுக அழுதார். போதாக்குறைக்கு, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று போட்டிருக்கிறதே, இஞ்சின் எங்கே என்று போலீஸ்காரர் ஒருவர் மறித்தார்.

ஆகவே ஞானையன் புத்தகத்தைத் திருத்த வண்டி ஆபீசுக்குப் போனார். கிளார்க் சதாசிவன் 'இந்தனம்', அதாவது எரிபொருள், என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பெட்ரோலா, டீசலா?"

"ரெண்டும் இல்ல சாறே."

"பின்ன நான் என்ன எழுதணும்?"

"இல்லன்னே எழுதுங்க."

சதாசிவன் மலையாளத்தில் எழுதினார். மதிய ஊணுக்கு நேரமாகியிருந்தது. 'இல்ல' என்பதற்கு இரட்டை ல போட வேண்டிய இடத்தில் ஒற்றை ல போட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் கார் அசையவில்லை. பாட்டரி நிறைந்திருந்தது, ஒயரில் குற்றமில்லை, மோட்டார் மட்டும் கல்லாகக் கிடந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் போனில் செய்தி வந்தது, லிஜாவுக்கு நோவு எடுத்துவிட்டது. ஞானையன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், மலையாள எழுத்து அவருக்குத் தடுமாறும். புத்தகம் திருத்திய மறுநாள்தானே வண்டி நின்றது என்று லீலாபாய்தான் அதை வாங்கிப் பார்த்தார்.

"இதுல 'இல'ன்னாக்கும் எழுதியிருக்கு. வாழை இல, பலா இலன்னு மலையாளத்துல சொல்லுவாவளே, அந்த இல."

"எழுத்துப் பிழையா இருக்கும்."

"சர்க்காரு சீலு குத்தியிருக்கு. நீங்க வண்டில ஏறுங்க" என்றவர், கத்தியை எடுத்துப் போய் இரண்டு வாழையிலை வெட்டி, சுருட்டி, டேங்கின் வாயில் திணித்தார்.

வண்டி கிளம்பியது. புகைக்குழாயிலிருந்து பொதிச்சோற்றின் மணம் வந்தது, வாட்டிய இலையில் சூடு சோறு கட்டினால் வருமே, அதே மணம். வழியில் நின்றவர்களுக்கெல்லாம் பசித்தது. லீலாபாய் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆசை தீர மூச்சிழுத்துக்கொண்டே காட்டாக்கடை போய்ச் சேர்ந்தார். நந்தனா பிறந்து விழுந்தது அவர் கையில்தான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போக இரண்டு இலை, வர இரண்டு இலை. இஞ்சின் கிடந்த இடத்தைச் சுற்றி ஞானையன் நாற்பது வாழை வைத்தார். தொண்ணூற்றொன்பதில், பென்ஷனாகும் மாதம், பழைய ஏடுகளைச் சரிபார்த்த சதாசிவன் தன் பிழையைக் கண்டுபிடித்தார். முப்பத்தொரு வருட வேலையில் அந்த ஒரு ல அவரைத் தூங்கவிடவில்லை. பேனாவும் சீலுமாகக் குளத்தூருக்கே வந்துவிட்டார். திருத்துவது ஓர் எழுத்து வேலைதான். ஆனால் வண்டி மறுபடி பாட்டரியில் நெய்யாற்றின்கரையோடு நின்றுவிடும், மறு ஞாயிறு முதல் லீலாபாய் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஞானையனின் முகம் செத்துப்போயிருந்தது. லீலாபாய் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"எழுதுங்க சாறே. அதுக்கு முன்ன சோறு உண்ணுங்க. அன்னைக்கு ஊணுக்கு நேரமானதுனாலல்லா இப்பிடி ஆச்சு."

சதாசிவன் நிதானமாக உண்டார், மறுசோறும் வாங்கினார். வாசலில், தாயோடு விருந்துக்கு வந்திருந்த பேத்தி நந்தனா காரின் விளக்குகளுக்கு ஒரு துண்டு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கைகழுவி வந்து, பேனாவைத் திறந்து, வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார். பிறகு தான் உண்ட இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு காரிடம் போனார்.

"எச்சில் இலை போடலாமா?"

"போடலாம் சாறே" என்றார் ஞானையன். "எட்டு கிலோமீட்டர் கிட்டும்."