வலி இறங்கிய பிறகு

காஹ்வாவின் வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது, அவருடைய தங்கை அட்யேரி சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றிருந்தாள். உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கருப்பை வாயில் புற்று. தலைநகர் கம்பாலாவில் பார்த்த டாக்டர்கள் இனி செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கீழே ஆல்பர்ட் ஏரிக்கரையில் கணவனோடு இருந்தவளை, ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று அண்ணன்தான் மலைமேல் தன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அது ஆகி ஐந்து மாதம்.

நான் நர்ஸ், பெயர் குனிஹிரா. மார்ஃபின் பாட்டில்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்களின் வீடு தேடிப் போவது என் வேலை.

காஹ்வா பாட்டிலைத் தொடவே மறுத்தார். "சாகப்போறவங்களுக்குக் குடுக்கற மருந்துதானே சிஸ்டர் இது? குடிச்சா அப்படியே தூங்கிடுவா."

"அவங்க கடைசியா எப்பத் தூங்கினாங்க?"

அட்யேரி சுவரிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "அண்ணா, ஒண்ணு அதை எனக்குக் குடு, இல்ல என் வலியில பாதிய நீ வாங்கிக்க."

அவர் கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து வாயில் விடவேண்டும். இந்த மருந்தால் மலம் இறுகும். அதற்குப் பப்பாளி விதையைக் காயவைத்துத் தினமும் கொடுக்கச் சொன்னேன். "மருந்துக்கே மருந்தா!" என்று முணுமுணுத்தாலும், மறுநாளே முற்றம் நிறைய விதை காயப்போட்டிருந்தாராம்.

மூன்றாம் நாள் போனேன். அட்யேரி காலை நீட்டி உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர். வலி இருந்தவரைக்கும் அது மட்டும்தான் இருந்துச்சு. இப்ப இடம் காலியாச்சா, அந்த மனுஷன் வந்து உக்காந்துட்டான்."

ஒனென்சான், அவள் கணவன். அலூர் இனத்தவன், மீன் பிடிப்பவன். ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட வரவில்லை. "விடிகாலையில படகு கரைக்கு வர்றப்பவே தண்ணியிலேர்ந்து கத்துவான் சிஸ்டர். 'என்னடி மகாராணி, கூடையைத் தூக்கிட்டு வர உனக்குப் பல்லக்கு அனுப்பணுமா?'ன்னு. கரையே சிரிக்கும். நானும் பதிலுக்கு நல்லாக் குடுப்பேன். அந்தத் திட்டைக் கேட்டு அஞ்சு மாசமாச்சு."

பனி விலகினால் கொல்லைப்புறத்திலிருந்து ஏரி தெரியும், வெளுத்த துணி விரித்த மாதிரி. தினமும் அங்கே பாயைப் போடச்சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொலைவில் படகு தெரியாது. தெரிவதாகச் சொல்வாள்.

"கீழ கூட்டிட்டுப் போகலாமே" என்றேன் காஹ்வாவிடம்.

"அங்க மருந்து யாரு குடுப்பா? காய்ச்சல் மாத்திரையே பாதி நாள் இருக்காது."

அவர் சொன்னது உண்மை. அடுத்த வாரம் நானே மலையிறங்கிப் போனேன். ஒனென்சான் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றான்.

"போயிட்டாளா?"

"இல்ல. ஏன் நீங்க வரல?"

"ரெண்டு தடவை வேலி வரைக்கும் வந்தேன் சிஸ்டர். உள்ள அவ கத்தற சத்தம். என்னால அதை நிறுத்த முடியாது. நிறுத்த முடியாதவன் உள்ள போய் என்ன பண்றது? திரும்பிட்டேன்."

"இப்ப அவங்க கத்தறதில்ல."

அவன் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்த சின்ன மருந்தகத்தில் பூட்டுள்ள ஓர் அலமாரி கேட்டு வாங்கினேன். வியாழன்தோறும் நான் வருவதாக ஏற்பாடு. ஒனென்சானுக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்தேன். தடித்த விரல்கள், ஆனாலும் ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது.

மீன் ஏற்றப்போகும் பிக்கப்பில் மெத்தை போட்டு அட்யேரியை இறக்கினோம். ஒவ்வொரு வளைவிலும் காஹ்வா அவளை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கரையில் ஒப்படைக்கும்போது, "களியை ஆற வச்சுக் குடு, சூடா இருந்தா தொடமாட்டா" என்றார்.

"இருபத்தெட்டு வருஷமா எனக்குத் தெரியாதா மச்சான்?" என்றான் ஒனென்சான்.

ஏழு வியாழக்கிழமைகள் இருந்தாள். மூன்றாவது வாரம் என்னிடம் புகார் சொன்னாள்: "பூனை மாதிரி நடக்கறான் சிஸ்டர். ஒரு திட்டு திட்டச் சொல்லுங்களேன்." அவன் வாசலில் நின்று, "என்னடி மகாரா..." என்று ஆரம்பித்தான். குரல் உடைந்துவிட்டது. "போகட்டும், பாதி வந்துச்சு" என்று சிரித்தாள் அவள்.

எட்டாவது வியாழன் நான் போனபோது அவளைப் புதைத்து இரண்டு நாளாகியிருந்தது. காலையில் படகுகள் வரும் நேரத்தில், வலியில்லாமல், அவன் கையைப் பிடித்தபடி போனாளாம். ஒனென்சான் மீதி மருந்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தான். வாங்கிப் பதிவேட்டில் எழுதினேன். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒரு நாள்கூட அவளைக் கத்த விடல சிஸ்டர்" என்றான்.

"தெரியும்."

"நாலு வீடு தள்ளி ஒரு வலைக்காரர். தொண்டையில கட்டி. ராத்திரியெல்லாம் முனகறார். அவர் பொண்டாட்டி வெளியில உக்காந்து காதைப் பொத்திக்கிறா." எழுந்து சட்டையிலிருந்த மணலைத் தட்டினான். "வாங்க, வீட்டைக் காட்டறேன்."

பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.