கவரைப்பேட்டையில் எழுந்து நின்றவன்

1

ஒரு பத்திரிகையில் கேட்டார்கள்: சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற மாதிரி அழகான ரயில் பயணம் ஒன்று எழுதுங்கள், வயல், ஏரி, பறவை எல்லாம் வரட்டும். சரி என்றுவிட்டேன். இந்தக் கதையின் கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பொன்னேரி தாண்டியதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல

வேண்டாம். முதுகு ஒடிய நாற்று நட்டவளின் மகன் நான். கம்பளம் என்று எழுதக் கை வரவில்லை.

2

மோனிகாவிலிருந்து தொடங்குகிறேன். கொருக்குப்பேட்டைக்காரி. அவள் புருஷன் அந்தோணி கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் வேலையில் இருந்தவன். வலது கையில் இரண்டு விரலை மிஷின் எடுத்துக்கொண்டது. அதோடு மில்லும் அவனை வேண்டாம் என்றுவிட்டது. போன மாதம் மறுபடி வேலை கேட்டுப் போனான். கேட்டில் நெட்டித் தள்ளினார்கள். கிழிந்த சட்டையோடு வந்தவன் அப்புறம் வீட்டை விட்டு இறங்கவே இல்லை.

இந்த ஞாயிறு அவனை ரயிலேற்றிவிட்டாள். சூளூர்ப்பேட்டை போய் ஏரியில் பறவை பார்க்கலாம் என்று. பறவை ஒரு சாக்கு. கும்மிடிப்பூண்டியில் இறங்காமல் அந்த ஸ்டேஷனை அவன் ஒரு தடவை தாண்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

(இவ்வளவு யோசிப்பாளா என்று எனக்கே சந்தேகம். ஆனால் லெமன் சோறும் முட்டையும் கட்டிக்கொண்டு, சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட விட்டுவிட்டு வந்திருக்கிறாள். யோசித்திருக்கிறாள்.)

3

ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுத்தாள்.

"தோ பாரு, கொக்கு."

"கொக்கு நம்ம கால்வாயிலயே கீதுமே. இத்த பாக்க டிக்கெட்டு எடுத்துகினு வரணுமா?"

"நம்ம கொக்கு கறுப்பா பூடுச்சி. இது வெள்ளையா கீது பாரு."

சிரித்தான். சிரித்தபடியே தூங்கிப்போனான். வருஷக்கணக்காக இந்த ரயிலில் அவன் செய்தது தூக்கம் ஒன்றுதான். பொன்னேரி வயல் அவன் கண்ணில் பட்டதே இல்லை.

கவரைப்பேட்டை வந்தது. கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்றான். மில்லுக்குப் போகிறவர்கள் அங்கேயே எழுந்துவிடுவார்கள். அடுத்தது கும்மிடிப்பூண்டி, வாசலில் முந்தி நின்றால்தான் ஷேர் ஆட்டோவில் இடம்.

"இன்னாயா, எழுந்துக்கினே? இன்னிக்கு டூட்டி இல்ல, டூரு."

அந்தோணி கண்ணைத் திறந்தான். வெட்கப்பட்டு உட்கார்ந்து

இல்லை, உட்காரவில்லை. வாசலில் லோகு நின்றிருந்தான். மில்லில் பழைய கூட்டாளி, இப்போதும் ஷிப்டுக்குப் போகிறவன்.

"நைனா! புது சூப்பர்வைசரு வந்துகிறாரு. ஒரு தபா வந்து கேட்டுப் பாரேன்."

"கிழிஞ்ச சட்டைய இப்பதான் தெச்சேன்ணா" என்றாள் மோனிகா.

அந்தோணி அவளைப் பார்க்கவில்லை. "சும்மா காத்தாட நிக்கறேன்மே" என்று வாசலுக்குப் போனான்.

4

முடிவு ஒன்று: அவன் இறங்கவில்லை. ஏரியில் பறவைகள் எழும்புகின்றன. பத்திரிகைக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: இறங்குகிறான். மில் கேட். மறுபடியும் கிழிந்த சட்டை.*

* மூன்றாவதும் ஒன்று எழுதினேன், வேலை கிடைத்துவிடுகிறது. எழுதிய கையோடு அடித்துவிட்டேன். அப்படி யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

5

கும்மிடிப்பூண்டி. வாசலில் ஒரே நெரிசல். இறங்குகிறவன் யார், வழிவிட்டு ஒதுங்குகிறவன் யார் என்று உள்ளேயிருந்து தெரியவில்லை. மோனிகா எட்டிப் பார்க்கவில்லை. சோற்றுப் பையை எடுத்து ஜன்னல் சீட்டில் வைத்தாள்.

ஏறியவர்களில் நீங்களும் ஒருவர். கால் வலிக்கிறது. பையைக் காட்டிக் கேட்கிறீர்கள்:

"ஆள் வராங்களா?"

"வராரு" என்கிறாள்.

ரயில் நகர்கிறது. நிற்கிற இடத்திலிருந்து வாசல் உங்களுக்குத் தெரியும்; எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச தூரம் அந்த சீட்டில் உட்காராதீர்கள்.