நுரை மன்னரும் ஒற்றைக் கம்மலும்

தெருவில் அவரை நுரை மன்னர் என்றுதான் சொல்வார்கள். அவர் கடைக் காபியில் நுரை விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை எழும்பி நிற்கும்; சர்க்கரையைத் தூவினால் உள்ளே போவதா வேண்டாமா என்று அது யோசிக்கும். அப்பேர்ப்பட்டவரின் மானம் ஒரு குமிழியில் தொங்கும் என்று யார் கண்டது?

முகம் கழுவப் போன மனைவி, கம்மல்களைக் கழற்றி ஒரு காலிக் கோப்பையில் போட்டிருந்தாள். வீட்டு வேலையில் கைகொடுக்க வேண்டும் என்று அன்றைக்கென்று பார்த்து அவருக்குப் புத்தி வந்தது. கோப்பையைக் காபிச் சக்கை வாளியில் தட்டிக் கவிழ்த்தார். ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. மற்றது குப்பை வண்டி ஏறிவிட்டது.

கடையில் வாங்கியது என்றால் இன்னொரு ஜோடி வாங்கித் தலையைக் காப்பாற்றியிருக்கலாம். இது மகள் முதன்முதலாக ரெசின் என்கிற, ஊற்றிவைத்தால் இறுகிவிடும் பிசினில் வார்த்து அம்மாவுக்குத் தந்தது: கண்ணாடி போன்ற ஒரு துளி, உள்ளே காய்ந்த நீலப் பூ. சனிக்கிழமை அவள் விடுதியிலிருந்து வருகிறாள். வந்ததும் பையை இறக்குமுன் அம்மா காதைத்தான் பார்ப்பாள். மனைவி கேட்டதற்கோ, "கொக்கி லூசா இருந்துச்சு, சரிபண்ணக் குடுத்திருக்கேன்" என்று அவர் வாய் முந்திக்கொண்டது.

மகளின் அலமாரியில் மிச்ச ரெசின் பாட்டில்களும் பூக்களும் இருந்தன. அச்சுக்கு வழி? மச்சினன் குழாய்க்கடை வைத்திருந்தான். தொட்டி இடுக்கு அடைக்கிற சிலிக்கானை அவனிடம் வாங்கி, சோளமாவு கலந்து பிசைந்து, பிழைத்த கம்மலின் மேல் அமுக்கினார். அந்தச் சிலிக்கான் காயக் காய, கடை முழுக்க வினிகர் நெடி.

பிறகு இரண்டு பாட்டில் ரெசினையும் சேர்த்துக் கலக்கினார். ஒரு திரவத்தையும் கரண்டியையும் கண்டால் அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுழற்றி அடித்த அடியில் ரெசின் பொங்கி வெளுத்தது. பூவோடு அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்துக் காட்டினார்.

"மாமா, இது என்ன, தவளை முதுகா?" என்றான் மச்சினன்.

"உள்ள பூ இருக்கு, பாரு."

"நம்பிக்கை வேணும்னு சொல்றீங்க."

"சிரிக்காத மாப்ள. உங்கக்கா என்னைய வாளியோட சேத்துக் கவுத்துருவா."

வெளியே இருந்த மருக்களுக்கு அச்சுதான் காரணம். அமுக்கியபோது கம்மலுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே காற்று மாட்டியிருக்கிறது. இந்த முறை முதலில் விரலால் மெல்லிசாகப் பூசி, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துவிட்டு, அதன் மேல் மிச்சத்தை அப்பினார். ரெசின் பாட்டிலை மூடியோடு வெந்நீரில் நிறுத்தினார். சூட்டில் இளகினால் காற்று எளிதாக வெளியேறும். இதழிடுக்கில் ஒளிந்த காற்று போக, பூவை முன்கூட்டியே ரெசினில் முக்கினார். கலக்குவதுதான் கஷ்டம். வலது கையை நம்பாமல் இடது கையால் கலக்கினார்.

"தூங்குற குழந்தைக்குத் தலை வாருற மாதிரி இருக்கு மாமா."

"பேசாத. குமிழி வந்துரும்."

கடைசியில் தொழில்தான் கைகொடுத்தது. உயரத்திலிருந்து நூலாக இறக்கி அச்சின் ஓரமாக ஊற்றினார். அந்த மெலிவில் குமிழிகள் வழியிலேயே உடைந்தன. பால் குவளையை மேடையில் தட்டுவதுபோல் அச்சை இரண்டு தட்டு தட்டினார். மிஞ்சிய ஒன்றை ஊசியால் குத்தினார். மறுநாள் அச்சைப் பிரித்தால், தண்ணீர் அப்படியே நின்றுவிட்ட மாதிரி ஒரு துளி. அவர் அதில் கொக்கி மாட்டி, பிழைத்ததோடு சேர்த்து மனைவியிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை மகள் வந்தாள். பையை இறக்கவில்லை.

"அம்மா, இடது காதுல இருக்கிறது நான் செஞ்சதில்லையே."

நுரை மன்னர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

"எப்படிடி சொல்ற?"

"ரெண்டுலயும் பூவுக்குப் பக்கத்துல ஒரு குமிழி இருக்கும்மா. எனக்கு அப்ப எடுக்கத் தெரியாது. இது சுத்தமா இருக்கு."

"உங்கப்பா சட்டையெல்லாம் வினிகர் வாடை அடிச்சப்பவே நெனச்சேன்," என்றாள் மனைவி. "கொக்கி சரிபண்ண வினிகர் எதுக்குங்க?"

பேப்பர் மெல்ல இறங்கியது. கோப்பை, வாளி, குப்பை வண்டி எல்லாவற்றையும் அவர் ஒப்பித்தார். தவளை முதுகை மட்டும் மறைத்தார். மகளை அழைத்துவரப் போன மச்சினன் வழியிலேயே அதை அவள் பையில் போட்டுவைத்திருந்தான். பையைத் திறந்த மகள் அதை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் விரலிடுக்கில் காய்ந்திருந்த ரெசினைப் பார்த்தாள். திட்ட வந்தவள் திட்டவில்லை.

மனைவி புதுக் கம்மலைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா ஜோடி சேரல. குமிழியோட ஒண்ணு செஞ்சு குடுங்க."

அன்று மாலை மூன்று பேரும் கடையில் உட்கார்ந்தார்கள். அவர் ஊற்றினார், குமிழி வரவில்லை. மறுபடி ஊற்றினார், கண்ணாடிபோல் நின்றது.

"அப்பா, வலது கையால கலக்குப்பா," என்றாள் மகள்.

"அது பொங்கிருமேம்மா."

"பொங்கட்டும்ப்பா. அதுல ஒண்ணே ஒண்ண விட்டுட்டு மத்ததெல்லாம் நான் குத்திக்கிறேன்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.