பத்தொன்பது கையெழுத்து

வந்தவன் குரலை உயர்த்தவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, சலாம் சொல்லி, கதிரையில் உட்கார்ந்து மர்ஷூதாவிடம் தண்ணீர் கேட்டான். கொடுத்ததைக் குடிக்கவில்லை. கிளாசைத் தூக்கிப் பார்த்தான்.

"தண்ணி நல்லாத்தானே இரிக்கி."

அது கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கற்பிட்டி வீதியோரமிருந்த அந்த ஊருக்குப் பின்னால் இறால் பண்ணை வந்ததிலிருந்து கிணறுகள் நாறின. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். வியாழக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு ரம்ஸியா வீட்டில் கூடிய பெண்கள் முதலில் மருந்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். யாருக்காவது பிள்ளை பிறந்தால் மற்றவர்கள் சோறு கொண்டுபோனார்கள். பிறகுதான் பண்ணைக் கழிவைப் பற்றிப் பிரதேச சபைக்குக் கடிதம் அனுப்பினார்கள். எழுதியவள் மர்ஷூதா. கையெழுத்து வைத்தவர்கள் பத்தொன்பது பேர்.

"விளங்காம கையெழுத்து வெச்சிட்டேன்டு எழுதித் தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றான் அவன். "உங்கட மகள் அப்ரா ரெண்டேகால் பஸ்ஸுலதானே புத்தளத்துல இருந்து வாறா? சந்தியில இறங்கித் தனியத்தான் நடக்குறா. பாவம், நல்ல வெயில்."

அவன் போனதும் மர்ஷூதா கதவைக்கூடச் சாத்தாமல் சந்திக்கு ஓடினாள்.

பஸ் வந்தது. இரண்டு கிழவர்கள் இறங்கினார்கள். அப்ரா இல்லை. ஏறிப் பார்த்தாள்; பின் சீற்றிலும் இல்லை.

"ஸ்கூல் பிள்ளைகள் ஒண்டும் ஏறல்லயே, ராத்தா," என்றான் கொண்டக்டர்.

கணவன் றஸீன் குவைத்தில். அவள் ரம்ஸியாவுக்குக் கோல் எடுத்தாள். "அப்ரா வரல்ல, சந்திக்கு வாங்க," என்றாள்.

பத்து நிமிடத்தில் ரம்ஸியா கையில் மாவோடு வந்து நின்றாள். பின்னால் நப்லா இடுப்பில் குழந்தையோடு. மீன் காயவைத்துக்கொண்டிருந்த மக்தலேனா அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கையெழுத்து வைத்தவர்களில் பதினொரு பேர். பள்ளிக்கூடத்துக்குக் கோல் எடுத்தார்கள், யாரும் தூக்கவில்லை. மர்ஷூதா வீதியையே பார்த்து ஓதிக்கொண்டிருந்தாள். ஓதியது பாதியில் மறந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

மூன்று மணி பஸ்ஸில் அப்ரா இறங்கினாள்.

"கணக்கு டீச்சர் எல்லாரையும் மறிச்சு வெச்சா, உம்மா. கைய விடுங்க, நோகுது."

மர்ஷூதா விடவில்லை. அங்கேயே, பஸ் தரிப்பிடத்தில், வந்தவன் சொன்னதையெல்லாம் சொன்னாள். "நான் எழுதிக் குடுக்கப் போறன். என்னால ஏலாது."

யாரும் அவளை ஏசவில்லை. மக்தலேனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என்னட்டயும் வந்தவன், தங்கச்சி. செவ்வாய்க்கிழமை. கடலுக்குப் போற உன்ர மனுசன் திரும்பி வரவேணுமோ எண்டு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுதிக் குடுத்திட்டன்." அவள் விம்மினாள். "வெக்கத்தில ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல."

நப்லா தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் குடுத்திட்டன்."

மர்ஷூதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு வீடாக, ஆள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து அவன் வந்திருக்கிறான். தாங்கள் வியாழக்கிழமை கூடியிருந்து தேத்தண்ணி குடித்தபோதும் இது ஒருவருக்கொருவர் தெரியவில்லை.

"இப்பவே பொலிசுக்குப் போவம்," என்றாள் ரம்ஸியா. "வீட்டுக்குப் போனா ஒருத்தரும் வெளிய வர மாட்டம். எனக்கு என்னைப் பத்தித் தெரியும்."

பொலிசில் இருந்த உத்தியோகத்தர் பேனையை எடுத்து, முறைப்பாடு யாருடைய பெயரில் என்று சிங்களத்தில் கேட்டார். பதினொரு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். முதலில் பேசியது மக்தலேனா. உடைந்த சிங்களத்தில், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னாள். பயத்தில்தான் எழுதிக் கொடுத்தேன், அதையும் எழுதுங்கள் என்றாள். அதன் பிறகு மர்ஷூதா சொன்னாள். பிறகு நப்லா.

மூன்றாவது வாரம் அதிகாரிகள் வந்து கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். பண்ணையின் கழிவுக் குழாய்க்கு முத்திரை வைத்தார்கள், ஆறு மாதத்துக்கு மட்டும். வந்தவன் யாரென்று இன்னும் பிடிபடவில்லை. தினமும் இரண்டு பெண்கள் முறைபோட்டுச் சந்தியில் நிற்கிறார்கள். முறை இல்லாத நாளிலும் மர்ஷூதா போகிறாள். மகள் பஸ்ஸை விட்டு இறங்கும் வரை அவளுக்குப் பகல் சோறு இறங்குவதில்லை.