முனிகிருஷ்ணனின் குரல்

ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம் வள்ளியின் மண்டையை விட்டு இறங்கவே இல்லை. அதில் ஒரு எந்திர மூளை, வீட்டு ஆட்களின் குரலை அப்படியே திருடி, போன் போட்டு ஒரு குடும்பத்தையே நாசமாக்கியது. பக்கத்து சீட்டில் அவள் புருஷன் முனிகிருஷ்ணன் முறுக்கு தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தான். வள்ளி முறுக்கைத் தொடவே இல்லை.

புதன்கிழமை மதியம் திருச்சானூர் லாட்ஜ் கவுண்டரில் அவள் வேலையாக இருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வள்ளி, நான்தான். புத்தூர் ரோட்ல வண்டி சறுக்கி வுயுந்துட்டேன். கால் போச்சு. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டாங்க. கவர்மெண்ட்டு இன்சூரன்ஸ் கார்டு போடறதுக்கு உன் செல்லுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

நகரி தறிச் சேலைகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுவது அவன் பிழைப்பு. நடக்கக்கூடியதுதான். ஆனால் குரல் கரகரத்தது. படத்திலும் விபத்து என்றுதான் ஆரம்பித்தது, பிறகு ஒரு நம்பர் கேட்டது.

"உன் போன் இன்னாச்சு?"

"ஒடஞ்சி போச்சு. இது நர்ஸம்மாது."

படத்தில் கதாநாயகி சோதித்த மாதிரியே வள்ளியும் கேட்டாள். "நம்ம பொண்ணு யாமினிய வீட்ல இன்னான்னு கூப்டுவ?"

"இப்ப அதுவாடி கேக்கற? உயிர் போவுது. நம்பரச் சொல்லு."

எந்திரமும் இப்படித்தான் நழுவியது. வள்ளி போனை வைத்துவிட்டாள்.

அவன் நம்பருக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தாள். மேனேஜர் ஆதிநாராயணன் அவள் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்தார்.

"நம்பர் சொல்லாத. நேரா போய்ப் பாரு. பொய்யா இருந்தா ஒரு அலைச்சல், அவ்ளோதானே."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. அதே நம்பரைத் திரும்பக் கூப்பிட்டாள். தெலுங்கில் பேசிய ஒரு பெண், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி என்றாள். பின்னால் யாரோ முனகுவது கேட்டது.

ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தவள், போனில் வந்த குரல் எந்திரத்தினுடையதாகவே இருக்கட்டும் என்று திருச்சானூர்த் தாயாரை வேண்டிக்கொண்டாள். தான் ஏமாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அன்றுதான்.

அவன்தான். ஆஸ்பத்திரி வராந்தா ஓரம் ஸ்ட்ரெச்சரில், ரத்தம் காய்ந்த பேண்ட்டோடு கிடந்தான். நம்பர் வராததால் கார்டு பதிவாகவில்லை, அதனால் அறுவை சிகிச்சைக்கு எடுக்கவில்லை. வள்ளி செல்லைத் திறந்து, மறுபடி அனுப்பவைத்த நம்பரை நர்ஸிடம் காட்டினாள்.

முனிகிருஷ்ணன் கண்ணைத் திறந்தான். கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"நான்தான்னு உனக்கு இன்னும் எப்டி சொல்றது, வள்ளி?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது.

சாயந்திரம் காலில் பிளேட் வைத்தார்கள். சில மாதங்களில் தடியில்லாமல் நடந்தான். இப்போதும் அவன் போன் செய்தால் வள்ளி சட்டென்று பேசுவதில்லை. அவன் இருமுகிறானா, மூச்சு விடுகிறானா என்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். அவனும் அவசரப்படுத்துவதில்லை.