கிளேட்டன் துரையின் முன்னோர் வழக்கம்

கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் றுமைசுக்கு என்ன தொழில் என்று கேட்டால் பாதிப் பேர் "கொம்பியூட்டர்" என்பார்கள், மீதிப் பேர் "சும்மாதான் இரிக்கார்" என்பார்கள். உண்மை வேறு. அமெரிக்காவில் கிளேட்டன் என்று ஒரு துரை யூடியூப் சேனல் நடத்துகிறார், ஆள் கடும் வலதுசாரி. நாடு கெட்டுவிட்டது, பழமைக்குத் திரும்புங்கள் என்று அவர் தொண்டை கிழியக் கத்துகிற பேச்சையெல்லாம் எழுதிக் கொடுப்பவன் றுமைஸ்தான். வெளிநாட்டான் நம் வேலையைப் பறிக்கிறான் என்ற பேச்சும் அவன் எழுதியதே. நன்றாகத்தான் எழுதியிருந்தான், குறை சொல்லக் கூடாது.

இந்த முறை துரை கேட்டது முன்னோரின் குடும்ப வாழ்க்கை பற்றி. "கேட்கிறவன் அழவேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன்" என்றும் சொல்லிவிட்டார்.

அமெரிக்க முன்னோரைப் பற்றி றுமைசுக்கு ஒன்றும் தெரியாது. பழைய காலம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே என்று தனக்குத் தெரிந்ததை எழுதினான். பெண்பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்வளவுக் குடிலில் ஒதுங்குவதும், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே குடிவருவதும்தான் நம் நாகரிகத்தின் அத்திவாரம் என்று உருகி உருகி எழுதினான். துரை முன்கூட்டிப் பார்க்காமல் கமெராவுக்கு முன்னால் அப்படியே வாசித்தார். கண்ணையும் துடைத்தார்.

அவ்வளவுதான், அமெரிக்க வலதுசாரிகள் இரண்டாய்ப் பிளந்தார்கள். "ஆம்பிளை மாமியார் வீட்டில் குந்துவதா? இது இடதுசாரிச் சதி!" என்றது ஒரு கூட்டம். வீடு வாங்க வழியில்லாத இளந்தாரிகளோ, "எங்கள் பொற்காலத்தைத் திருப்பித் தா" என்று கொடி பிடித்தார்கள். போட்டிச் சேனல்காரர் ஹட்சன், கிளேட்டன் விலைபோய்விட்டார் என்று முழங்கினார்.

றுமைசின் மனைவி சுல்பிகா போனைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "என்ன மச்சான், நம்மட வீட்டுக் கதைய உலகத்துக்கே விரிச்சிட்டீங்களே!"

"சுல்பிகாட வாப்பா பின்வளவுக்குப் போன கதையுமா மருமகன்?" என்றார் மாமி சபியா உம்மா. "கேட்டா மானம் போயிரும் அவருக்கு."

"மாமி, மானத்த விடுங்க. என்ட வேல போகப்போகுது."

அந்நேரம் துரையே அழைத்தார். "இது எந்த மாநிலத்து வழக்கம்?"

றுமைஸ் உண்மையைச் சொன்னான். "எங்கட ஊர் வழக்கம், சேர். எல்லாரும் இப்படித்தான் எண்டு நினைச்சிட்டன்."

சுல்பிகா புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு துரை செருமினார்.

"ஹட்சனுக்கு முன்னால் நான் பின்வாங்குவதா? இன்றையிலிருந்து இது அமெரிக்க முன்னோர் வழக்கம். நாளைக்கே அடுத்த பேச்சு வேண்டும். வேலையைத் தொடர்."

மறுநாள் துரை நெஞ்சை நிமிர்த்தி, மாமியாரை மதிக்காதவன் தேசப்பற்று இல்லாதவன் என்று முழங்கினார். எழுதியது யார், பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சபியா உம்மா போனைக் கண்ணருகே பிடித்துத் துரையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆள் வாட்டசாட்டமாத்தான் இரிக்கார். கலியாணம் முடிச்சிட்டாரா, மருமகன்?"